செப்டம்பரில் பேசிக்கொள்ளலாம்

திருமணம் என்ற மாபெரும் நிறுவனத்தை இன்றுவரை இடிந்து விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது எது என்று கேட்டால் ஒருவர் காதல் என்பார், இன்னொருவர் சட்டம் என்பார், பாதிரியார் கடவுள் என்பார். எல்லாம் தப்பு. அதைத் தாங்குவது எங்கள் பிரெஞ்சு தேசத்துச் சாப்பாட்டு மேசை. விருந்தில் கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று முதலில் கண்டுபிடித்த மகான் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் சிலை வைத்திருப்போம். அவர் மனைவிக்கும் ஒரு சிலை வைத்திருப்போம், அடுத்த தெருவில்.

நிச்சயம் ஆனவர்கள் சேர்ந்து உட்காரலாம். கல்யாணமாகி ஒரு வருடம் வரைக்கும்கூட, 'சின்னஞ்சிறுசுகள், போகட்டும்' என்று விட்டுவிடுவோம். அதற்குப் பிறகும் ஒருவன் விருந்தில் தன் பெண்டாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவனுக்கு வளர்ப்புச் சரியில்லை என்று பொருள். வீட்டில்தான் நாளெல்லாம் பேசுகிறீர்களே, வந்த இடத்தில் மற்றவர்களோடு பேசுங்கள் என்பது இதன் தத்துவம். வீட்டில் நாளெல்லாம் பேசுகிறார்களா என்று எவரும் போய்ப் பார்த்ததில்லை. அது நாகரிகமும் அல்ல.

இந்த வழக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் தலைமைக் காவலர் என்றால் கிஸ்லேன் அம்மையார்தான். பிரான்சின் மேற்கில், மழைக்குப் பேர்போன பிரெத்தாஞ் கடற்கரையில், போர்லான் என்ற சிற்றூரில், அவருக்குப் பூட்டன் காலத்து வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டில் பன்னிரண்டு பேர் உட்காரும் ஓக் மரமேசை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆகஸ்டும் முதல் பதினைந்து நாள் அங்கே மூன்று தம்பதிகள் கூடுவார்கள். முதல் தம்பதி அம்மையாரும், அவர் கணவரான பல் வைத்தியர் உபேரும். இரண்டாவது, பூகோள வாத்தியார் தியெரியும், மருந்துக் கடை வைத்திருக்கும் ஓடிலும். மூன்றாவது, நம் கதாநாயகர் ரெஜிஸும் அவர் மனைவி அர்மெலும்.

ரெஜிஸ், லெ மான் என்ற ஊரின் நகராட்சியில் சாலைப் பலகைப் பிரிவின் துணைத் தலைவர். எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே திரும்பவே கூடாது என்று ஊருக்கு அறிவிப்பது அவர் பொறுப்பு. அர்மெல் கணக்கு டீச்சர். இருவருக்கும் கல்யாணமாகி இருபத்தொரு வருடம். இருபத்தொரு வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. ரெஜிஸ் இதை எல்லோரிடமும் சொல்வார்.

"ஒரே ஒரு தடவைகூடக் குரல் உசந்ததில்ல, தெரியுமா?" என்று முதல் நாள் சாப்பாட்டில் ஓடிலிடம் சொன்னார்.

"அப்படியா! எப்படி முடிஞ்சுது?"

"வீட்ல எட்டு மணிச் செய்தியைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவோம். செய்தி முடியறப்ப சாப்பாடும் முடிஞ்சிரும்."

கொடுத்து வைத்தவர் என்று ஓடில் பெருமூச்சு விட்டாள்.

அம்மையாரின் உட்காரும் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு நடக்கும் சகலத்துக்கும் அதுதான் காரணம். ஊதா மையில் பெயர் எழுதிய சிறு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மேல் காற்றில் பறக்காமல் ஒரு கிளிஞ்சல். மேசையின் ஒரு தலைமாட்டில் அம்மையார். எதிர்த் தலைமாட்டில் உபேர். அம்மையாருக்கு ஒரு பக்கம் ரெஜிஸ், அவரை அடுத்து ஓடில். மறுபக்கம் தியெரி, அவரை அடுத்து, உபேருக்குப் பக்கத்தில், அர்மெல். ஒன்பது வருடமாக இதே ஒழுங்கு. பன்னிரண்டு பேர் மேசையில் ஆறு பேர் என்பதால் இடைவெளி தாராளம். எதிர்க் கோடியில் இருக்கும் மனைவி அங்கிருந்து பார்த்தால் உருவமாகத் தெரிவாள், குரலாகக் கேட்க மாட்டாள்.

அன்றைக்கு அந்தக் கோடியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மணி உருண்டது மாதிரி, வஞ்சனை இல்லாத சிரிப்பு.

"யாரு அது இவ்வளவு அழகா சிரிக்கிறது?" என்று கேட்டார் ரெஜிஸ்.

"உங்க மனைவிதான்" என்றாள் ஓடில்.

ரெஜிஸுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாள் கடற்கரையில், துணித் தடுப்பு கட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி எல்லோரும் உட்கார்ந்திருக்கையில், அர்மெல் மணலில் நகர்ந்து நகர்ந்து கணவர் பக்கத்தில் வந்தாள்.

"ரெஜிஸ், ஒரு விஷயம் பேசணும்."

"முக்கியமானதா?"

"ரொம்ப."

"அப்ப இப்ப வேண்டாம். லீவுல முக்கியமான விஷயம் பேசினா லீவும் கெட்டுப்போகும், விஷயமும் கெட்டுப்போகும். செப்டம்பர்ல பேசிக்கலாம்."

"மே மாசம் கேட்டப்ப லீவுல நிம்மதியா பேசலாம்னு சொன்ன."

"மே மாசத்துல யாரு பேசுவா? வாரத்துக்கு ஒரு அரசு விடுமுறை."

"செப்டம்பர்ல முடியாது, ரெஜிஸ்."

"செப்டம்பர் வரைக்கும் தாங்காத விஷயம்னா அது அவ்வளவு முக்கியமா இருக்காது" என்று அன்பாகச் சொல்லிவிட்டு ரெஜிஸ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

இதில் ரெஜிஸைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தேசமே செப்டம்பரை நம்பித்தான் இருக்கிறது. ஒழுகும் குழாய், ஆகாத மாமியார், மார்பில் வந்த வலி, அரசாங்கத்தைக் கவிழ்ப்பது, எல்லாவற்றையும் ஆகஸ்டில் ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் எடுத்துக்கொள்வோம். சாவுகூட ஆகஸ்டில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வரும்.

சிக்கல் என்னவென்றால், அர்மெலுக்கு வேலை மாற்றம் ஆகியிருந்தது. ரெயூனியோன் தீவுக்கு. இந்து மகாசமுத்திரத்தின் நடுவில் எங்கள் கொடி பறக்கும் அந்தத் தீவில் கணக்கு டீச்சராக மூன்று வருடம். இருபது வருடமாக ஒரே கரும்பலகை, ஒரே சன்னல், ஒரே மழை என்று அலுத்துப்போய், குளிர்காலத்தில் விண்ணப்பம் போட்டாள். மே மாதம் ஆணை வந்தது. அந்தத் தீவில் பள்ளிக்கூடம் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். ஆகஸ்ட் பதிமூன்று, வியாழக்கிழமை விமானம். அவள் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். இரண்டாவது டிக்கெட்டில் ரெஜிஸின் பெயர் இருந்தது.

பெட்டி பெரிதாக இருந்தது. அதில் மழைக்கோட்டு இல்லை. பிரெத்தாஞ்சுக்கு மழைக்கோட்டு இல்லாமல் எவளாவது வருவாளா? பருத்திப் பாவாடைகளும், அகல விளிம்புத் தொப்பியும், கொசுக்கடி மருந்தும் இருந்தன. ஊருக்கெல்லாம் பலகை நடும் ரெஜிஸ் இதையெல்லாம் பார்த்தார். "இந்த வருஷம் வெயில் அடிக்கும்னு நம்பறியா, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்டுபிடிக்கச் சொல்லி அர்மெல் நட்ட பலகைகள்தாம் அவை. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கும் இருபத்தொரு வருடம் எட்டு மணிச் செய்திதானே.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொல்ல அவளுக்குத் தடை இல்லை. தடை என்ன, அதுதான் மரியாதை. எனவே முதல் நாள் சாயங்காலமே, முத்துச்சிப்பித் தட்டு மேசைக்கு வருவதற்குள், தியெரிக்கும் உபேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"ரெஜிஸ் என்ன சொல்றான்?" என்று கேட்டார் உபேர்.

"அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல. மே மாசம் பேச்சை எடுத்தப்ப லீவுல பேசலாம்னார்."

"நியாயம்தான்" என்றார் உபேர். பல் வைத்தியர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடு முப்பது வருடம் பழகியவர்.

"அவர் வரணும்னு எனக்கு ஆசை" என்றாள் அர்மெல். "ஆனா அவருக்கு நான் வேணுமான்னே தெரியல. பலகையைக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல போய்ப் பாப்பார்."

அதே நேரம், அதே மேசையின் எதிர்க் கோடியில் ரெஜிஸ் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? ஆப்பிள் மது இரண்டு கிண்ணம் உள்ளே போயிருந்தது. ஒரு பக்கம் அம்மையார், ஒரு பக்கம் ஓடில்.

"காலைல அவ காப்பிக் கிண்ணத்தைத் தட்டுல வைப்பா பாருங்க, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். ஒரு தடவை அவ மாநாட்டுக்குன்னு மூணு நாள் போயிட்டா. மூணு நாளும் ஆபீசுக்கு லேட்டு. நான் லேட்டாப் போறதா! அவ இல்லாட்டி நான் எழுத்தில்லாத பலகைதான். வெறும் கம்பம்."

ஓடிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"எதுக்கு? அவளுக்குத் தெரியும்."

"சொன்னா சந்தோஷப்படுவாங்க."

"அவ அங்க இருக்கா. இங்கேருந்து கத்தினா மரியாதையா இருக்குமா?"

"இருக்காது" என்று அம்மையார் தீர்ப்புச் சொன்னார். "ரொம்ப அழகா சொன்னீங்க, ரெஜிஸ். வெண்ணெய் எடுத்துக்குங்க."

வாசகர்கள் இந்த இடத்தில் நின்று எங்கள் நாகரிகத்தின் நேர்த்தியை வியக்க வேண்டும். மனைவியின் ரகசியம் உபேருக்கும் தியெரிக்கும் தெரியும். கணவனின் மனசு கிஸ்லேனுக்கும் ஓடிலுக்கும் தெரியும். உபேர் யார்? கிஸ்லேனின் கணவர். தியெரி யார்? ஓடிலின் கணவர். இந்த இரண்டு தம்பதிகளில் ஒரே ஒரு தம்பதி, ஒரே ஒரு தடவை, பல் தேய்க்கும்போதாவது தங்களுக்குள் பேசியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். பேசவில்லை. பதினோரு நாள், இருபத்திரண்டு வேளைச் சாப்பாடு, ஒருவர்கூடப் பேசவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயத்தைத் தன் குடும்பத்தில் பேசுவது அசிங்கம். தன் குடும்ப விஷயத்தைத் தன் குடும்பத்தில் பேசுவது அதைவிட அசிங்கம்.

தனியாகப் பிடித்துப் பேச வழியில்லையா என்றால், அம்மையார் நடைக்கும் ஒழுங்கு வைத்திருந்தார். கலங்கரை விளக்கம் வரை நடப்பதென்றால் அவரவர் மேசைத் துணையோடுதான். ரெஜிஸ் குறட்டை விடுவார் என்பதால் அவருக்குத் தோட்டத்துக் கொட்டகையில் படுக்கை. நடுவில் இரண்டு தடவை அர்மெல் கொட்டகைக் கதவைத் தட்டினாள். ஒரு தடவை ரெஜிஸ் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை முழித்திருந்தார், "செப்டம்பர்" என்றார்.

பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை பிற்பகல், உபேரும் ரெஜிஸும் துறைமுகத்தில் நண்டு வாங்க வரிசையில் நின்றார்கள்.

"ஏம்பா ரெஜிஸ், நாளைக்கு ஸ்டேஷனுக்கு நீயே வண்டி ஓட்டறியா, இல்ல நான் கொண்டுபோய் விடட்டுமா?" என்றார் உபேர்.

"யாரை?"

"யாரையா? உன் பெண்டாட்டியைத்தான். நீயும் போறதா இருந்தா உன்னையும் சேத்து."

"அர்மெல் எங்க போறா?"

உபேர் அவர் முகத்தைப் பார்த்தார். சொத்தைப் பல் எவ்வளவு ஆழம் என்று கம்பியால் தட்டிப் பார்க்கும் பார்வை.

"ரெயூனியோனுக்கு, மூணு வருஷம். நாளைக்குச் சாயங்காலம் பாரிஸ்லேருந்து விமானம். உனக்கும் டிக்கெட் இருக்கு. என்னப்பா, உனக்குத் தெரியாதா? மே மாசமே ஆணை வந்தாச்சே! எங்களுக்கு முதல் நாள்லேருந்து தெரியும். உயிரோட வேணுமா, வேக வெச்சதா?"

கடைசிக் கேள்வி நண்டைப் பற்றியது. ரெஜிஸுக்கு அது தன்னைப் பற்றியதாகப் பட்டது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"உங்கிட்ட சொல்றதா? நீ அவ புருஷன்யா!" என்றார் உபேர், நிஜமாகவே அதிர்ந்துபோய்.

ரெஜிஸ் வீட்டுக்கு ஓடினார். நாற்பது வயதுக்கு மேல் அவர் ஓடியது அதுதான் முதல் தடவை. பல்லி வால் துடிப்பது மாதிரி ஒரு நரம்பு கன்னத்தில் துடித்தது. நாளை மறுநாள் காலையில் காப்பிக் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்காது. ஆயிரம் காலைகள் கேட்காது. வீட்டில் அர்மெல் இல்லை. ஒழுங்குப்படி தியெரியோடு கலங்கரை விளக்கத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடி மது குடிக்கும் நேரம். ரெஜிஸ் அவளை சன்னலோரம் ஒதுக்கப் பார்த்தார்.

"புருஷனும் பெண்டாட்டியும் மூலையில நின்னு கிசுகிசுக்கிறதா?" என்று அம்மையார் ஆலிவ் தட்டோடு நடுவில் வந்தார். "எல்லாரும் என்ன நினைப்பாங்க? ஏதோ சண்டைன்னு நினைச்சுக்குவாங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ரெஜிஸ் சன்னலை விட்டு நகர்ந்துவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. வெளிச்சம் இன்னும் போகாத சாயங்காலம். எல்லோரும் தத்தம் கிளிஞ்சலை நோக்கி நடந்தார்கள். அப்போது ரெஜிஸ் போர்லானின் சரித்திரத்திலேயே நடக்காத ஒன்றைச் செய்தார். தன் அட்டையை எடுத்தார். மேசையைச் சுற்றிப் போனார். தியெரியின் அட்டையை எடுத்துவிட்டுத் தன் அட்டையை அங்கே வைத்தார். கிளிஞ்சலையும் மறக்காமல் வைத்தார். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஐந்து பேரும் நின்றபடியே இருந்தார்கள்.

"ரெஜிஸ்" என்றார் அம்மையார், மெல்ல. "உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நான் இங்க உக்காரணும்."

"அது அர்மெல் பக்கத்து இடம்."

"தெரியும். அதான்."

"இந்த வீட்ல ஒன்பது வருஷமா இப்படி நடந்ததில்ல. எங்க அம்மா காலத்துல போர் நடந்துது, அப்பக்கூட நடந்ததில்ல."

"சரி, அப்ப நான் எங்க உக்காரறது?" என்றார் தியெரி. காலியாக இருந்தது ரெஜிஸின் இடம் மட்டும்தான். அதற்குப் பக்கத்தில் ஓடில். தியெரியின் சொந்த மனைவி.

"அங்கயா?" என்றார் தியெரி.

"வா, கடிக்க மாட்டேன்" என்றாள் ஓடில்.

ஆக ஒரே அடியில் இரண்டு தம்பதிகள் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மையார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உபேர் ஆறுதலாக மது ஊற்றினார்.

அர்மெல் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "என்ன இது, ரெஜிஸ்?"

"பேசணும்."

"பேசு."

ரெஜிஸ் வாயைத் திறந்தார். இருபத்தொரு வருடம் கழித்து, இவ்வளவு கிட்டத்தில், செய்தி வாசிப்பவர் யாரும் இல்லாமல், மனைவியின் முகம். இடது புருவத்தில் சின்னத் தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் ஆயிரம் சொல் முட்டி மோதியது. ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"நண்டு நல்லா இருக்கு."

"நண்டு இன்னும் வரல, ரெஜிஸ்."

"ஆமா. வரல."

வியர்த்து விறுவிறுத்துப்போய் ரெஜிஸ் மறுபக்கம் திரும்பினார். அங்கே கிஸ்லேன் அம்மையார் இருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி, அந்நியமான முகம், பழகிய தூரம். நாக்கின் முடிச்சு தானாக அவிழ்ந்தது.

"கேளுங்க. அவ இல்லாம என்னால இருக்க முடியாது. எனக்கு அந்தத் தீவு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. ஆனா அவ அங்க இருக்கப் போறான்னா எனக்கு இங்க என்ன வேலை? பலகையை எவன் வேணா நடலாம். எனக்குப் பயமா இருக்கு, கிஸ்லேன். வீட்ல ஒரு கிண்ணம் மட்டும் இருக்கப் போகுதேன்னு பயமா இருக்கு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார் அம்மையார்.

"நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் அர்மெல் எல்லாவற்றையும் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளும் மறுபக்கம், உபேரிடம் திரும்பினாள்.

"இதை இருபத்தொரு வருஷத்துல ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"ரெஜிஸ், உன்னை..." என்று ஆரம்பித்த உபேர், அம்மையாரின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் மேசையின் எதிர்ப்பக்கம் தீப்பிடித்துவிட்டது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றாள் ஓடில் கணவரிடம்.

"முதல் நாள்லேருந்து தெரியும். ரெண்டு டிக்கெட் எடுத்திருக்காங்க."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? அந்த மனுஷன் தினமும் எங்கிட்ட பெண்டாட்டி பெண்டாட்டின்னு உருகறார்!"

"அதை நீ எங்கிட்ட சொன்னியா?"

"நீ கேட்டியா? தினமும் ராத்திரி புத்தகத்துல மூஞ்சியைப் புதைச்சுக்கிற! பூகோளமாம் பூகோளம்! பக்கத்துல படுத்திருக்கிறவ எந்தத் திசைல இருக்கான்னு தெரியாது!"

"மருந்துக் கடைல வர்றவனுக்கெல்லாம் ஆலோசனை! எனக்கு மூணு மாசமா முதுகு வலி, கேட்டியா நீ?"

"வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னாத்தானேடா தெரியும்!"

இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் சேர்ந்த சரக்கு. 'டா' போட்டுச் சத்தம் போட்டதில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. அநாகரிகம் என்றால் அப்படிப்பட்ட அநாகரிகம். அம்மையார் காதைப் பொத்திக்கொண்டு, "உணர்ச்சியெல்லாம் சாப்பாடு முடிஞ்சு, சீஸுக்கு அப்புறம்! சீஸுக்கு அப்புறம்!" என்று முறையிட்டார்.

இந்த இரைச்சலின் நடுவில் அர்மெல் ரெஜிஸின் தோளைத் தொட்டாள். தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரெஜிஸ். நான் கேக்கிறேன். நாளைக்கு வர்றியா?"

மேசை அடங்கிவிட்டது. ஓடில்கூட வாயை மூடினாள். வருகிறேன் என்று ஒரு சொல். ரெஜிஸின் தொண்டை வரை அது வந்துவிட்டது என்பதற்கு நான் சாட்சி. ஆனால் அதற்கு முன்னால் வேறு சில வரிசையில் நின்றன. விடுப்புக்கு மேலதிகாரியின் கையெழுத்து. மேலதிகாரி ஆகஸ்டில் மலைக்குப் போயிருக்கிறார். வீட்டுச் சாவி. செப்டம்பர் ஏழாம் தேதி, வளைவுச் சந்திப்புகளில் அம்புக்குறி வைப்பது குறித்த கமிட்டி.

"ஏழாம் தேதி கமிட்டி இருக்கு" என்றார். "அது முடியட்டும். செப்டம்பர்ல நிதானமா பேசிக்கலாமே?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையைத் தோளிலிருந்து எடுத்தாள். "உபேர், நண்டை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

நண்டு பிரமாதமாக இருந்தது. எல்லோரும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை மழை. உபேர் வண்டியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் அர்மெல் மழைக்கோட்டு இல்லாமல் நனைந்துகொண்டு நின்றாள். ரெஜிஸ் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தலாமா என்று யோசித்தார்; யோசித்துக்கொண்டே இருந்தார். அவள் அவருடைய இரண்டு கன்னத்திலும் பட்டும் படாமலும் முத்தம் கொடுத்தாள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு நாங்கள் கொடுக்கிற முத்தம்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார் ரெஜிஸ்.

"செப்டம்பர்ல பண்றேன்" என்றாள் அர்மெல்.

வண்டி போன பாதையில் எதிரே ஒரு குடை வந்தது. ஒரே குடைக்குள் தியெரியும் ஓடிலும். ரொட்டி வாங்கப் போய்விட்டு வந்தார்கள். ராத்திரி பூராவும் கத்தியதில் இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. கரகரவென்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ரொட்டியின் நுனியை ஓடில் கிள்ளித் தியெரியின் வாயில் வைத்தாள். ரெஜிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார ஒற்றைப்படை ஒத்துவராது என்று அம்மையார் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். அர்மெலுக்காக அந்த வீட்டில் சிந்தப்பட்ட கண்ணீர் அது ஒன்றுதான்.

செப்டம்பர் வந்தது. சொன்ன சொல் தவறாதவர் ரெஜிஸ். முதல் தேதி காலையில் முகம் மழித்து, சட்டை மாற்றி, சமையலறை மேசையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் நல்ல விஷயங்கள். ஒரு கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். சத்தம் வந்தது, ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை. மறுபடி வைத்தார். பத்துப் பதினைந்து தடவை வைத்தார். பிறகு ஓடிலுக்குப் போன் செய்தார்.

"சண்டை போட்டிருக்கணும், ஓடில்" என்றார். அழுதுகொண்டிருந்தார். "நாங்க ஒரு தடவையாவது நல்லா சண்டை போட்டிருக்கணும்."

"இதை அவங்ககிட்ட சொல்லுங்களேன். நம்பர் தரட்டுமா?"

"நம்பர் இருக்கு" என்றார் ரெஜிஸ். "நீங்க பேசறப்ப, நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லிடுறீங்களா?"

ஏழாம் தேதி கமிட்டி, தலைவர் வராததால் அக்டோபருக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த மாதக் கடைசியில் போர்லானிலிருந்து ஊதா மையில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆகஸ்டுக்கு அழைப்பு. தியெரியையும் ஓடிலையும் இனிக் கூப்பிடப் போவதில்லை என்றும், மேசையில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை என்றும் அம்மையார் எழுதியிருந்தார். ரெஜிஸைப் பற்றி மட்டும் அன்பாக எழுதியிருந்தார்: 'நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ஒரு வசதி பாருங்கள், இனிமேல் உங்களை யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.'

ரெஜிஸ் நின்ற நிலையிலேயே பதில் எழுதினார். மேலதிகாரியைக் கேட்கவில்லை, கமிட்டியைப் பார்க்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை. அட்டையில் ஒரே ஒரு சொல்: 'வருகிறேன்.'

அந்தச் சொல் அவரிடம் இருந்திருக்கிறது.